பின்னால் இன்ஜின் வைத்த கார்

நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி சொன்ன ஆள் சரியண்ணனைப் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமலே கெட்டவர் அவர். அறுபது வயது வரைக்கும் அவர் வாயிலிருந்து தயங்காமல் வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: சரி. அதனாலேயே பஸ் டெப்போவில் அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலோடு விட்டுவிட்டு, மற்ற நேரமெல்லாம் சரியண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடலாமா என்று ஒருவன் விளையாட்டாகக் கேட்டபோது, அதற்கும் அவர் சரி என்றுதான் சொன்னார்.

வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர். முப்பத்து மூன்று வருடம் டெப்போவின் மூன்றாம் குழிக்குள் நின்று, பஸ்ஸின் அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்தவர். வண்டி கேட்டுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பது ஒரு பேச்சுக்கு. அவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். யாராவது கேட்டால் சொல்வார். கேட்டவர் "அதெல்லாம் இருக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அடக்கம். தெரிந்தவன் மூடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஒரு தடவை நாற்பத்தேழாம் நம்பர் வண்டியில் பிரேக் பிடிக்கிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபோர்மேனிடம் போய், "இன்னிக்கு ஒரு நாள் நிறுத்தி வெச்சுப் பார்க்கலாமுங்களா" என்று கேட்டார். ஃபோர்மேன் தலையை நிமிர்த்தாமலே, "வண்டி பத்தல, அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டார். மத்தியானம் அந்த வண்டி ஒரு துணிக்கடையின் ஷட்டரை இடித்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. உயிர் போகவில்லை. ஆனால் டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று விசாரணை வைத்தார்கள். அந்த டிரைவர் சரியண்ணனோடு பதினைந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவர். "பிரேக் எப்படி இருந்துச்சு?" என்று அதிகாரி கேட்டபோது ஃபோர்மேன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சரியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு" என்றார்.

டிரைவரை ஆறு மாதம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். விசாரணை அறையை விட்டு வெளியே வரும்போது அவர் சரியண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்தார். திட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடைத்தெருவில் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். தொண்டையில் மாட்டிய முள் மாதிரி அந்தப் பார்வை சரியண்ணனோடு கிடந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இந்த மனிதருக்கும் ஓர் ஆசை இருந்தது. டெப்போ எஞ்சினியரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சின்னக் கார். ஆமை முதுகு மாதிரி வளைந்த கூரை, உருண்டை விளக்குகள். மற்ற கார்களுக்கு இன்ஜின் முன்னால் இருக்கும், இதற்குப் பின்னால். முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம்தான் இருக்கும். சரியண்ணன் பதினொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினியர் வீட்டுக்குப் போய் அந்தக் காரைப் பிரித்துப் பூட்டினார். அதன் ஒவ்வொரு திருகாணியும் அவர் விரலுக்குத் தெரியும். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட, "ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்" என்று சொல்ல அந்த மகராசனுக்கு மனசு வரவில்லை. ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. எஞ்சினியர் மாற்றலாகிப் போனபோது காரும் போயிற்று.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இரண்டு வருடம் அதே மாதிரிக் காரைத் தேடினார். கடைசியில் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் பத்து வருடமாக ஓடாமல் நிற்கிற ஒன்று கிடைத்தது. வெளிறிய பச்சை நிறம். போனில் வந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவர் பார்த்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தாள். ஓடாத காருக்கு இவ்வளவு பணமா என்று முதலில் தலையில் அடித்துக்கொண்டவள், இரண்டாம் நாள் தானாகவே வீட்டு முன்பக்கத்துத் தகரக் கூரையின் கீழ் கிடந்த பழைய கட்டிலையும் உடைந்த சைக்கிளையும் எடுத்துப் போட்டுவிட்டு, இடத்தைக் கழுவிவிட்டாள்.

கிளம்பும் அன்று காலையில் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தபடி சொன்னாள்: "உங்களுக்குனு ஒரு சட்டைகூட நீங்களா பார்த்து எடுத்ததில்ல. இது ஒண்ணுதான் நீங்களா ஆசைப்பட்டது. உங்க இஷ்டப்படி கொண்டாந்து சேருங்க. எவன் என்ன சொன்னாலும் வாயைத் திறந்து பேசுங்க."

"சரி" என்றார்.

"அந்தச் சரியைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன்."

அவரும் ஒப்புக்குச் சொல்லவில்லை. மனசுக்குள் உண்மையாகவே ஒரு தீர்மானம் செய்துகொண்டிருந்தார். மற்றதெல்லாம் போகட்டும், இந்தக் கார் விஷயத்தில் மட்டும் தன் பேச்சுதான் என்று.

ஆனால் காரைக் கொண்டுவர வண்டி வேண்டுமே. மருமகனிடம் ஜீப் இருந்தது. பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியும் இருந்தது.

மாப்பிள்ளை டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது, அது என்னவென்று அவருக்கு இன்னும் தெரியாது. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் போதும், வைத்தியருக்கு வைத்தியம் சொல்வார், சமையல்காரருக்குச் சமையல் சொல்வார். கல்யாணப் பேச்சு நடந்த நாளில் அவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பேச்சுக்கு நடுவில் அவருடைய அம்மா ஏதோ ஒரு வார்த்தையைத் தவறிச் சொல்லிவிட்டார். அவர்கள் கிளம்பும்போது வழியனுப்பத் தெருவுக்கு வந்த சரியண்ணன், கார்க் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். மாப்பிள்ளை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நெரித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சத்தம் போடாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மகள் சமையலறையில் தம்ளர் கழுவியபடி கேட்டாள். "அப்பா, உங்களுக்கு என்ன தோணுது?"

வீடு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்றார். ஆறு வருடம் ஆகிறது.

கார் எடுக்கப் போன அன்று மகளும் வந்திருந்தாள். அப்பா ஆசையாக வாங்கும் காரை அவர் தொடுகிற நேரத்தில் தானும் பார்க்க வேண்டும் என்று வந்தவள். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

டிரெய்லரை வாடகைக்கு விடுகிற இடம் ஊருக்கு வெளியே, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்த ஒருவர் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை இழுத்துக் காட்டினார். தளத்தின் குறுக்கே மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தது.

"மூஞ்சி முன்னாடி ஏத்தணும் சார். முன்சக்கரம் இந்த மஞ்சக் கோட்டுல நிக்கணும். எடை முன்பக்கம் தங்கணும், அதான் விஷயம். எடை பின்னாடி போச்சுன்னா டிரெய்லர் வாலாட்டும். அப்புறம் ஆண்டவன் வந்தாலும் பிடிக்க முடியாது" என்றார் டிரெய்லர்க்காரர்.

கோடு எந்தக் காருக்கு என்று சரியண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. இன்ஜின் முன்னால் இருக்கிற காருக்கு. தன்னுடையதைத் திருப்பி ஏற்ற வேண்டும், பின்புறம் ஜீப்பைப் பார்க்க. அப்போதுதான் எடை முன்னால் வரும். என்ன கார் என்று அந்த ஆள் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். கேட்பார் என்று பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஆள் அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். சரி, ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சரியண்ணன் ஜீப்பில் ஏறினார்.

பல் டாக்டர், மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸைப் பார்த்துவிட்டு அவர்தான் வாங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டார். சாவியை அவர் கையில் கொடுத்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார், "நல்லா வெச்சிக்கோங்க" என்றார். மாப்பிள்ளையும் மறுக்கவில்லை. பணம் கட்டியவர் கொட்டகை மூலையில் நின்று காரின் கூரைத் தூசியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். தூசிக்குக் கீழே பச்சை தெரிந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தார். எலி ஒயரைக் கடித்திருந்தது, விசிறி பெல்ட் விறைத்துப் போயிருந்தது. மற்றபடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"என்னப்பா, பிடிச்சிருக்கா?" என்று மகள் தோளைத் தொட்டாள்.

"கார்புரேட்டர்கூடப் பழசேதாம்மா இருக்கு. எவனும் கை வைக்கல" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தெளிவை அவள் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. சிரித்துக்கொண்டே டாக்டர் வீட்டுக்குள் தண்ணீர் வாங்கப் போனாள்.

கார் வாசலைப் பார்த்து நின்றது. மாப்பிள்ளை டிரெய்லரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் பொருத்தினார். டிரெய்லரின் முன்னால் இருந்த கம்பிவடத்தைக் காரில் மாட்டிச் சுற்றினால் கார் நேராக மூஞ்சி முன்னால் ஏறிவிடும். திருப்பி ஏற்ற வேண்டுமென்றால் காரை முற்றத்துக்குத் தள்ளி, முன்னும் பின்னுமாக நாலு தடவை திருப்ப வேண்டும். அரைமணி நேர வேலை.

சரியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ளை, இதைத் திருப்பிப் போட்டு ஏத்தினா நல்லாருக்கும்."

"எதுக்கு மாமா?"

"இதுக்கு இன்ஜின் பின்னாடி..."

"இருக்கட்டுமே."

"இல்ல, எடை வந்து..."

"மாமா, அந்த ஆளு இதே தொழிலா இருக்கான். கோடு போட்டு வெச்சிருக்கான். மூஞ்சி முன்னாடின்னு உங்க காதுபடத்தானே சொன்னான்? அவனைவிட நமக்குத் தெரியுமா?" மாப்பிள்ளை சிரித்தார். "பஸ்ஸு வேற, இது வேற. அதுவுமில்லாம, மூஞ்சி முன்னாடி பார்த்துட்டு வந்தாத்தான் வீடியோவுல பார்க்க லட்சணமா இருக்கும். பின்பக்கத்தைக் காட்டிட்டு யாராவது வீட்டுக்கு வருவாங்களா?"

பல் டாக்டரும் சிரித்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், சொந்தப் பணத்தில் வாங்கிய சொந்தக் கார், முப்பத்து மூன்று வருடத் தொழில், காலையில் செய்த தீர்மானம். எல்லாவற்றையும் சேர்த்து மென்று முழுங்கினார்.

"சரிங்க மாப்பிள்ளை."

கம்பிவடம் சுற்றியது. முன்சக்கரம் மஞ்சள் கோட்டில் அச்சாக வந்து நின்றது. காரை டிரெய்லரோடு பிணைக்கிற பெல்ட்டுகளைச் சரியண்ணன்தான் கட்டினார். அதில் ஒரு குறையும் இல்லை. பாழாகப்போகிற வேலையைக்கூட ஒழுங்காகச் செய்வது அவர் சுபாவம்.

முதல் ஒரு மணி நேரம் சமதளச் சாலை. மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார். ஆனாலும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சரியண்ணனுக்கு முதுகு வழியாகத் தெரிந்துகொண்டே வந்தது. ஜீப்பின் பின்பக்கம் பாரமே இல்லாமல் மிதந்தது. லாரி ஒன்று கடந்து போகும்போதெல்லாம் டிரெய்லர் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி வந்தது. கண்ணாடியில் பார்த்தார். பச்சைக் காரின் உருண்டை விளக்குகள் அவரையே பார்த்துக்கொண்டு வந்தன.

டீக்கடையில் நிறுத்தினார்கள். சரியண்ணன் நேராகப் பின்னால் போய்க் குனிந்து, டிரெய்லரின் கழுத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஜீப்பின் கொக்கியை அமுக்கிக்கொண்டு இருக்க வேண்டிய கழுத்து, மேலே எழும்பத்தான் துடித்தது. காரைத் திருப்பக்கூட வேண்டாம், பெல்ட்டை அவிழ்த்து இரண்டு அடி முன்னால் தள்ளிக் கட்டினாலே பாதி ஆபத்து போய்விடும். இருபது நிமிடம் ஆகும். இதற்கு அப்பால் சாலை மலைச்சரிவில் இறங்குகிறது என்று வரும்போதே பார்த்திருந்தார்.

நிமிர்ந்தபோது மகள் எதிரே டீயோடு நின்றாள். "என்னப்பா பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"உங்க மூஞ்சி நல்லால்ல. ஏதாவது சரியில்லையா?"

அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை கடைக்காரரிடம் சர்க்கரை போடாதே என்று சொன்னது காதில் விழவில்லையா என்று கத்திக்கொண்டிருந்தார். தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் டீ சிந்தியது.

"நான் வேணா அவர்கிட்ட சொல்றேம்பா. கோவப்படுவார்தான். பரவால்ல, சொல்றேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

இவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் வாயைத் திறந்து பாதி வாக்கியம் சொல்லியிருந்தால் மீதியை அவள் சொல்லியிருப்பாள். அவருக்கு அதுவும் ஆகவில்லை. சொன்னால் அவளுக்குத்தானே திட்டு விழும் என்று நினைத்தாராம். பிற்பாடு தன்னிடமே அப்படிச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். கோழைத்தனத்துக்குப் பாசம் என்று சட்டை மாட்டிவிடுவது எளிது.

"வேண்டாம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சரிவு தொடங்கியதும் ஜீப் தானாக வேகம் பிடித்தது. மூன்றாவது வளைவு தாண்டி நீளமான இறக்கம். டிரெய்லர் ஒரு தடவை இடது பக்கம் போனது, பிறகு வலது பக்கம். அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போல் இருந்தது.

"ஏங்க, மெதுவாப் போங்க" என்றாள் மகள்.

"தெரியும், சும்மா இரு."

"ஏங்க, பின்னாடி பாருங்க, மெதுவா..."

பிரேக்கைத் தொடாதீங்க. இந்த இரண்டு சொல்லும் சரியண்ணனின் நாக்கு வரைக்கும் வந்தன. டிரெய்லர் ஆடும்போது பிரேக் அடித்தால் அது முன்னால் பாயும். காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, தானாக வேகம் குறைய விட வேண்டும். அவருக்குத் தெரியும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார்.

டிரெய்லர் பாய்ந்து வந்து ஜீப்பைச் சுழற்றியது. கொக்கி பிடுங்கிக்கொண்டது. ஜீப் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி, ஓரத்து இரும்புத் தடுப்பில் விலாவைத் தேய்த்து நின்றது. டிரெய்லர் தடுப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தில் புரண்டது. சரியண்ணன் கட்டிய பெல்ட்டுகள் கடைசி வரைக்கும் அறுந்துபோகவில்லை. காரும் டிரெய்லரோடு சேர்ந்தே புரண்டது. ஆமை முதுகுக் கூரை தரையில் அமுங்கி, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டே பேரிங் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. மகளின் நெற்றி கண்ணாடியில் மோதிப் புடைத்திருந்தது.

ரோந்து வண்டியில் வந்த போலீஸ்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். மாப்பிள்ளை மகளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவ கத்தினா சார். மெதுவாப் போ, மெதுவாப் போன்னு காதுல கத்தி, கவனத்தைச் சிதற வெச்சு, என்னைப் பிரேக் அடிக்க வெச்சா. இல்லன்னா நான் அழகா இறக்கியிருப்பேன்." பிடி விடவில்லை. விரல் பதிந்த இடத்தில் தோல் வெளுத்தது. மகள் சத்தம் போடாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

போலீஸ்காரர் சரியண்ணனைப் பார்த்தார். "நீங்க முன்னாடிதானே உக்காந்திருந்தீங்க பெரியவரே? வண்டியில ஏதாவது கோளாறா? ஏத்தினதெல்லாம் ஒழுங்கா?"

மாப்பிள்ளையும் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு" என்றார் சரியண்ணன்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். மாப்பிள்ளை யாருக்கோ போன் செய்ய நகர்ந்தபோது மகள் அப்பா பக்கத்தில் வந்து உடைந்த தடுப்பின் மேல் உட்கார்ந்தாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீக்கடையில குனிஞ்சு என்னப்பா பார்த்தீங்க?"

அவர் சொன்னார். இன்ஜின் பின்னால் இருப்பது, மஞ்சள் கோடு, கழுத்து எழும்பியது, இரண்டு அடி முன்னால் தள்ளியிருக்கலாம் என்பது, எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு திருகாணிகூட விடாமல் சொன்னார். சொல்லும்போது திக்கவே இல்லை. அவள் முழுசாகக் கேட்டாள்.

"அப்ப நான் கத்தினதால இல்ல."

"இல்லம்மா. ஏத்தினதே தப்பு."

"போலீஸ்காரர் கேட்டாரேப்பா."

அவள் சிவந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரிஞ்சு எங்கிட்டச் சொல்லாதது வேற என்னப்பா இருக்கு?" என்றாள். அவருடைய கண் அவள் மணிக்கட்டுக்குப் போய்விட்டுத் தரைக்கு வந்தது. அவள் அதைக் கவனித்தாள். கெட்டிக்காரப் பெண். அதற்கு மேல் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்கு முன் கிரேன் லாரி வந்தது. பள்ளத்திலிருந்து காரைத் தூக்கி நிமிர்த்தினார்கள். கூரை சீட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. பின்மூடி பிய்ந்து, இன்ஜின் ஒரு பக்கமாகத் தொங்கியது. கிரேன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "யாருது இந்த வண்டி? எப்படி வைக்கட்டும்?" என்றார்.

மாப்பிள்ளை போனில் இருந்தார். சரியண்ணன் முன்னால் வந்து, "என்னுதுதான். திருப்பி வையுங்க. இன்ஜின் பின்னாடி இருக்கு, பின்பக்கம் முன்னாடி வரணும்" என்றார். சத்தமாக, தெளிவாக, மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டாள், அப்படிச் சொன்னார்.

கிரேன்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இது லாரி, பெரியவரே. எப்படி வெச்சாலும் ஒண்ணுதான். இனிமே அந்த வண்டிக்கும் எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கை போன பக்கம் இறக்கி வைத்தார். அது மூஞ்சி முன்னால்தான் இருந்தது.

சரியண்ணன் லாரியில் காரோடு போவது என்று ஆயிற்று. லாரியின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். ஜீப்பின் விலா நசுங்கியிருந்தாலும் ஓடும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை அதைக் கிளப்பிவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமலே, "ஏறு. வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றார்.

மகள் ஜீப்பின் கதவில் கை வைத்தாள். ஏறவில்லை. திரும்பி வந்து, லாரிப் படியில் கால் வைத்திருந்த அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. நான் அதுல ஏறட்டுமா? இல்ல, உங்ககூட இதுல வந்துடட்டுமா?"

அவள் இன்றைக்கு எந்த வண்டியில் வீடு போவது என்று கேட்கவில்லை. அது அவருக்கு நன்றாகப் புரிந்தது. புரியாத மனிதரா அவர்? சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவியாகத்தான் இருக்கும். எங்கே வருகிறீர்கள் என்று கேட்பாள், கழுவிவிட்ட இடம் காய்ந்துவிட்டது என்று சொல்வாள். மகளின் நெற்றிப் புடைப்பையும் மணிக்கட்டையும் பார்த்தார். வா என்ற ஒற்றை எழுத்து. வாய்கூடத் திறந்தது.

மாப்பிள்ளை ஹாரன் அடித்தார். ஒரு தடவைதான்.

"மாப்பிள்ளை காத்துட்டிருக்காரும்மா" என்றார் சரியண்ணன். "ஏறிக்கோ."

மகள் அவரை ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை, வேறொன்றும் கேட்கவில்லை. விசாரணை அறைக்கு வெளியே அந்த டிரைவர் பார்த்தாரே, அதே பார்வை.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.